தட்டணுக்களின் கோபம்

சிவப்பு மணி அடித்தபோது நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மயக்க மருத்துவராக இந்த மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து சூடாக ஓர் இட்லி தின்றதாக எனக்கு நினைவில்லை. கதவுப் பலகையில் ரத்தினபாய் என்று எழுதியிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் நான் மயக்க டாக்டரம்மாதான். வெட்டுகிறவர்களுக்கு மாலை, மயக்குகிறவர்களுக்கு ஆறிப்போன இட்லி என்று நான் சொன்னால் சிஸ்டர் அமலி மட்டும் சிரிப்பாள். அன்றைக்கு அவளும் சிரிக்கவில்லை.

"எண்பத்தாறு மேடம். ஏறிக்கிட்டே இருக்கு" என்று சுவர்த் திரையைக் காட்டினாள். "பேரு வர்ஷிகா. ஏழு மாசம் இப்பத்தான் முடியுது. மேலச்சுனை. ஆம்புலன்ஸ் வீட்டு வாசல்ல நிக்கி."

பொட்டலத்தை மறுபடி கட்டினேன். எண்பதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை வெளியே எடுத்தாக வேண்டும். அது விதி.

வளையலைப் பற்றித் தெரியாதவர்கள் இன்று யாரும் இருக்க முடியாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சந்தன நிறத்தில், ரப்பர் போல இழுபடும் ஒரு வளையம். சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்து, சந்தனம் பூசி, கண்ணாடி வளையல்களோடு இதையும் அரசாங்கம் போட்டுவிடும். தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தத்தில் தட்டணுக்களை இது கவனித்துக்கொண்டிருக்கும். டெங்கு வந்தால் எண்ணிக்கை இறங்குகிறதே என்று வீடே கலங்கி பப்பாளி இலைக்கு அலையுமே, அதே தட்டணுக்கள்தான். ஆனால் வளையல் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, குணத்தைப் பார்க்கிறது. அவை எவ்வளவு உசுப்பேறி இருக்கின்றன என்பதற்கு ஒரு எண் தருகிறது. ஆய்வுத் தாள்களில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. வார்டில் நாங்கள் கோப எண் என்போம்.

இது வந்த பிறகு, கர்ப்பத்தில் பிரஷர் ஏறி ஜன்னி காணும் சூல்வலிப்பில் சாகிற பெண்கள் அநேகமாக இல்லாமல் போனார்கள். பிரஷர் ஏறுவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே தட்டணுக்கள் கோபப்பட ஆரம்பித்துவிடும், வளையல் காட்டிக்கொடுத்துவிடும். நாங்களும் நிம்மதியாகக் கைகட்டி நின்றோம்.

ஆம்புலன்ஸிலிருந்து வர்ஷிகா நடந்தே இறங்கினாள். இருபத்துமூன்று வயது. முகத்தில் வீக்கம் இல்லை, காலில் அழுத்தினால் குழி விழவில்லை. பிரஷர் நூற்றுப்பத்துக்கு எழுபது. சிறுநீரில் உப்பு இல்லை. தட்டணு எண்ணிக்கை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கூட வந்தவள்தான் நோயாளி போலத் தெரிந்தாள். அவள் வர்ஷிகாவின் நாத்தனார், இசக்கிப்பிரியா. முப்பத்தைந்தை ஒட்டிய வயது, வெயில் கண்ணில் குத்துகிறது என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"தலைவலிதான் டாக்டரம்மா. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்கு என்ன, அவளைப் பாருங்க" என்றாள்.

டீ குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அறுவை செய்ய வேண்டியவள் டாக்டர் ஆதிரை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். அவளைத் தனியாக இழுத்தேன்.

"ஆதிரை, இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லை."

"வளையல் இருக்குன்னு சொல்லுது மேடம்."

"பிரஷர் ஏறல. உப்பு இல்ல. ஏழு மாசப் பிள்ளை. இன்னும் ரெண்டு வாரம் வயித்துல இருந்தா நுரையீரலாவது தேறும்."

"பிரஷர் ஏறட்டும்னுதான் போன வருஷம் ஒருத்தர் உக்காந்திருந்தாரு. அந்தப் பொண்ணு ஜன்னி கண்டு செத்துப்போச்சு. அவர் இப்ப வேலையில இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப தொண்ணூறு. உங்க கண்ணுக்குத் தெரியலேங்கிறதுக்காக நான் காத்திருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

அதுதான் இந்த வளையலின் சாமர்த்தியம். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்வதே அதன் வேலை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அதனோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். சிவப்பு என்றால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. முதுகில் ஊசி போட்டால் ரத்தம் கசியலாம் என்ற பயம். "எண்ணிக்கை நல்லா இருக்கு. நான் முதுகுலதான் போடுவேன். அவ முழிச்சிருக்கட்டும்" என்றேன். ஆதிரை ஒத்துக்கொண்டாள்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதும் பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். நான் வர்ஷிகாவின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் டிரிப், இன்னொரு கையில் பிரஷர் பட்டை. வளையல் இரண்டு கையிலும் இல்லை என்பதைக் கவனித்தேன். கை வீங்கினால் காலில் போட்டுக்கொள்ளலாம் என்று வளையல்களைக் கண்காணிக்கிற கட்டுப்பாட்டு மையமே சொல்லியிருந்தது. காலில் இருக்கும், துணிக்குக் கீழே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கு மேல் திரையில் தொண்ணூற்றொன்று.

"டாக்டரம்மா" என்றாள். "என் ரத்தத்துக்கு அப்படி என்ன கோவம்?"

பயத்தில் பேசுகிறவர்களிடம் நான் பேசிக்கொண்டே இருப்பேன். பாதி மயக்கம் அதிலேயே வந்துவிடும்.

"ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு இருக்கு. ஓட்டை அடைக்கிற கொத்தனாரு மாதிரி. கை வெட்டுப்பட்டா ஓடிவந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைச்சிரும்."

"சரி."

"பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிற நஞ்சுக்கொடி இருக்குல்லா, அது கர்ப்பப்பையில ஆழமா வேர் விடணும். சிலருக்கு மேலாக்க நின்னுரும். அப்ப அதுக்கு ரத்தம் பத்தாது. பத்தலைன்னா சும்மா இருக்குமா? தன்னையே துணுக்குத் துணுக்கா பிச்சு உன் ரத்தத்துல எறியும். கொத்தனாரு அதைப் பாத்துட்டு, எங்கேயோ செவரு இடிஞ்சு விழுந்திருச்சுன்னு நெனச்சு, உடையாத இடத்தை எல்லாம் அடைக்க ஓடுவான். அவன் ஓடுத ஓட்டத்துல ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். கிட்னி, ஈரல், கடைசியில மூளை. ஜன்னிங்கிறது அதுதான்."

"எனக்கு ஒண்ணுமே செய்யலியே."

"செய்யதுக்கு முன்னாடி சொல்லத்தான் வளையல்."

இதைச் சொன்னது நான்தான். விளம்பரப் பலகை பேசுவது போலச் சொன்னேன்.

துணிக்கு அந்தப் பக்கம் ஆதிரை வேகமாகத்தான் வேலை செய்தாள். பிள்ளை வந்தது. ஆண். என் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் தாங்கிவிடலாம், அவ்வளவுதான். அழவில்லை, முனகியது. குழந்தை மருத்துவர் அதைத் துணியோடு வாரிக்கொண்டு ஓடினார். வர்ஷிகா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழல, டாக்டரம்மா. பிள்ளை அழலியே" என்றாள். மூச்சுக்குக் குழாய் வைத்தபின் நிறம் திரும்பும் என்றேன். திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்து நஞ்சு வந்தது. வழக்கமாக ஆதிரை அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தையலுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இங்க வந்து பாருங்க."

எழுந்து எட்டிப் பார்த்தேன். தட்டு நிறைய, செக்கச்செவேலென்று, ஒரு தழும்பு இல்லை, ஒரு கரும்புள்ளி இல்லை. பட்டினி கிடந்த நஞ்சு எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வெளிறி, கட்டிதட்டிக் கிடக்கும். இதைப் பாடப்புத்தகத்துக்குப் படம் எடுக்கலாம் போல இருந்தது.

"எண் எவ்வளவு?" என்று ஆதிரை கேட்டாள்.

திரையைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்துவிட்டால் கோபம் இறங்க வேண்டும். கோபத்துக்குக் காரணமே போய்விட்டதே. அது ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்கத் தொண்ணூற்றேழு ஆயிற்று.

எங்கள் பேச்சு வர்ஷிகாவின் காதில் விழுந்திருக்கிறது. எங்களை ஆறுதல்படுத்துகிற மாதிரிச் சொன்னாள்: "எப்பேர்ப்பட்ட மிஷின், இல்ல? கையில இல்லாட்டாலும் நம்மளப் பத்தி சரியா சொல்லிருதே."

துணிக்கு அந்தப் பக்கம் ஊசி நின்றது.

"கையில இல்லையா?" என்றேன். "காலுலதானே போட்டிருக்க?"

"இல்ல டாக்டரம்மா." அவள் உதட்டைக் கடித்தாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் அவள் நெற்றியில் கையை வைத்தேன்.

"யார்ட்ட இருக்கு வர்ஷிகா?"

"மதினிட்ட" என்றாள், மெதுவாக. "வீட்டு வளைகாப்பு அன்னைக்கு நான்தான் போட்டுவிட்டேன். மதினிக்குப் பன்னெண்டு வருசமா பிள்ளை இல்ல. சூலி கையில கெடந்ததைப் போட்டா தங்கும்னு சொல்லுவாங்கல்லா. கண்ணாடி வளையலை எல்லாரும் குடுப்பாவ. இது அஞ்சாம் மாசத்துல இருந்து என் கையிலேயே கெடந்தது. அதான் இதைக் குடுத்தேன். குடுத்ததை வெளிய சொன்னா பலிக்காது. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன்."

"அது உன்னைப் பத்திதான் சொல்லும்னு நெனச்சியா?"

"எம் பேருலதானே பதிஞ்சிருக்கு? ஜாதகம் பீரோவுல இருந்தாலும் ஆளுக்குத்தானே பலன் சொல்லும்?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கட்டுப்பாட்டு மையத்தின் சுவரொட்டி ஊரெங்கும் ஒட்டியிருக்கிறது: வளையல் உங்களை அறியும். இருபது வருஷம் இந்த மக்களோடு பழகியும், அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆதிரை என்னைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் மறக்க மாட்டேன். ஒன்றுமில்லாத ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழித்து ஏழு மாசப் பிள்ளையை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எனக்கு வேறொன்றும் சேர்ந்து உறைத்தது. தொண்ணூற்றேழு யாருடையது?

பக்கத்துத் தியேட்டரிலிருந்து இன்னொரு மயக்க மருத்துவரை என் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வெளியே ஓடினேன். பெஞ்சுக்குக் கீழே டீ கொட்டிக் கிடந்தது. இசக்கிப்பிரியா தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரை. கண் மேலே செருகியிருந்தது. சட்டைக் கைக்குள், முழங்கைக்கு மேலே, சந்தன நிற வளையல் சதையோடு ஒட்டிக் கிடந்தது.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மக்னீசியம் ஏற்றினோம். பிரஷர் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றிருபது. சூல்வலிப்புக்கு உள்ள எல்லா அடையாளமும் அவளிடம் இருந்தன, வயிறு ஒன்றைத் தவிர. டீ குடிக்கச் சொல்லி நான் அனுப்பிய பெண் இவள்.

வலிப்பு அடங்கியதும் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போன் போட்டேன். திலீபன் என்ற பொறியாளர் எடுத்தார். சின்ன வயசுக் குரல்.

"வளையல் கை மாறினா உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். மாறினா தட்டணுவோட குணம் திடீர்னு வேற மாதிரி ஆகும்."

"அப்படி ஆனா என்ன செய்வீங்க?"

"ஆரம்பத்துல எச்சரிக்கை அனுப்பிட்டு இருந்தோம். ரொம்ப அதிகமா வந்துச்சு. குளிக்கிறதால, கழற்றிப் போடுறதால வர்ற கோளாறுன்னு நினைச்சோம். அதனால அப்படி மாற்றம் வந்தா வளையல் சத்தமில்லாம முதல்ல இருந்து கத்துக்கிற மாதிரி வச்சிட்டோம். யார் கையில இருக்கோ அவங்களைக் கத்துக்கும்."

"கழட்ட முடியாத பூட்டு இருந்ததே?"

"கை வீங்குது, உறுத்துதுன்னு அத்தனை பேரும் புகார் சொன்னாங்க மேடம். எடுத்துட்டோம்."

போனை வைத்துவிட்டு வந்தபோது அமலி ஒரு சோதனைப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கோடு. அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இசக்கிப்பிரியா கண் திறந்திருந்தாள்.

"அமலி, இரு" என்றேன். பிந்திவிட்டது.

"எக்கா, உண்டாயிருக்கியே" என்று அவள் சொல்லிவிட்டாள்.

இசக்கிப்பிரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. டிரிப் ஏறுகிற கையையும் சேர்த்துத் தூக்கிக் கும்பிட்டாள். "தீட்டு எனக்கு எப்பவும் தள்ளித் தள்ளித்தான் வரும், கணக்கே வச்சதில்ல. வாந்தி வந்துச்சு, கேஸுன்னு நெனச்சேன்." அழுதுகொண்டே சிரித்தாள். "வர்ஷி கை ராசி டாக்டரம்மா. அவ போட்டுவிட்டது பலிச்சிருச்சு. அவகிட்ட சொல்லணும். அவ பிள்ளை நல்லாருக்கா?"

நான் ஸ்கேன் மிஷினை இழுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அமலி வெளியே வந்து, "ஏன் மேடம் மொகத்தை அப்படி வச்சிருக்கிய?" என்று கேட்டாள்.

"அமலி, வயிறு தெரியல. நாலு மாசம்கூட இருக்காது. அதுக்குள்ள ஜன்னி வருமா?"

"வராதே. அஞ்சு மாசத்துக்கு மேலதானே."

"அதுக்கு முன்னாடி வந்தா என்னன்னு படிச்சிருக்க?"

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஸ்கேனை ஆதிரைதான் செய்தாள். வர்ஷிகாவைத் தைத்து முடித்துவிட்டு, அதே ரத்தக்கறை உடுப்போடு வந்து நின்றாள். திரையில் பிள்ளை இல்லை. கர்ப்பப்பை நிறையப் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள், ஜவ்வரிசி கொதிக்கிற மாதிரி. முத்துப்பிள்ளை. கரு உருவாகாமல் நஞ்சு மட்டும் தறிகெட்டு வளர்கிற கர்ப்பம். பிள்ளையே இல்லாத அந்த நஞ்சுதான் துணுக்குகளை வாரி எறிந்து அவளுடைய தட்டணுக்களை அப்படி வெறிகொள்ள வைத்திருக்கிறது. வளையல் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கோபம் நிஜம், ஆபத்து நிஜம், ஆள்தான் வேறு.

"பிள்ளை எந்தப் பக்கம் இருக்கு?" என்று இசக்கிப்பிரியா திரையைப் பார்த்துக் கேட்டாள்.

நான்தான் சொன்னேன். பிள்ளை இல்லை என்றேன். உள்ளே இருப்பதை இப்போதே எடுக்காவிட்டால் அடுத்த வலிப்பில் உயிர் போகும் என்றேன். எடுத்த பிறகும் ஒரு வருஷம் கர்ப்பம் தரிக்கக் கூடாது, மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு வாக்கியமும் அவளை அடிப்பது போல இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை, நிறுத்தினால் என்னால் தொடர முடிந்திருக்காது. அவள் அழவில்லை.

பிறகு கேட்டாள். "மணி அடிச்சது எனக்கா?"

"ஆமா."

"எனக்கு அடிச்ச மணிக்கு அவ பிள்ளையை எடுத்துட்டிய."

"ஆமாம்மா."

"அவளுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை நான் முழு மயக்கம்தான் கொடுத்தேன். உள்ளிருந்ததை உறிஞ்சி எடுத்த பிறகு வளையலில் எண் மளமளவென்று இறங்கியது. சாயங்காலம் பச்சைக்கு வந்துவிட்டது. வர்ஷிகாவின் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கும் விட்டால், பிழைக்குமா என்று நாளை மறுநாள் சொல்லலாம் என்றார் குழந்தை மருத்துவர்.

திலீபன் அன்று மாலை அவராகவே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"மேடம், முதல்ல இருந்து கத்துக்கிட்ட வளையல் எல்லாத்தையும் தனியா எடுத்துப் பாத்தேன். நிறைய இருக்கு. எல்லா மாவட்டத்துலயும் இருக்கு. அநேகமா எல்லாமே ஏழாம் மாசம், ஒன்பதாம் மாசம்."

"வீட்டு வளைகாப்பு நேரம்" என்றேன்.

"ஆமா மேடம். இப்பத்தான் புரியுது." மூச்சு வாங்கினார். "இன்னொண்ணு. ஐப்பசி, கார்த்திகையில சிவப்பு ரொம்பக் கூடும். நாலு வருஷமா அப்படித்தான். மழைக்காலத்துல சூல்வலிப்பு அதிகமாகுதுன்னு ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கோம். பரிசுகூட கிடைச்சுது."

எனக்கு ஒரு நிமிஷம் அவர் சொல்வது பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

"மழைக்காலத்துல டெங்கு" என்றேன்.

"ஆமா மேடம். டெங்குலயும் தட்டணு கோபப்படும். வளையலுக்கு வித்தியாசம் தெரியாது. அது கர்ப்பிணி கையில மட்டும்தான் இருக்கும்னு சொல்லிக் குடுத்திருக்கோம். கர்ப்பிணிக்கே காய்ச்சல் இருந்தா டாக்டர் பாத்தே சிவப்பை ரத்து பண்ணிருவாங்க. ஆனா காய்ச்சல் வேற யாருக்கோ இருந்து, வளையலும் அங்கே இருந்தா..."

வருஷா வருஷம் மழைக்காலத்தில் நான் முதுகில் ஊசி போட்டும், மயக்கியும் ஆதிரைக்குத் தயார்செய்து கொடுத்த பெண்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். எத்தனை நஞ்சைத் திருப்பிப் பார்க்காமல் கிண்ணத்தில் போட்டிருப்போம். எத்தனை பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியிலேயே அடங்கிப்போயின. உயிர் பிழைத்தாயே, அது போதும் என்று தாய்மார்களிடம் நாங்கள் சொல்லியிருக்கிறோம். அவர்களும் எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"வளையல் இருக்கிற இடம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது மேடம். இடம் காட்டக் கூடாதுன்னு சட்டம். புருஷன்மார் பின்தொடர்வாங்கன்னு. பதிஞ்ச விலாசம் மட்டும்தான் எங்ககிட்ட இருக்கு."

"விதியை நிறுத்தச் சொல்லுங்க."

"மேல சொல்லியிருக்கேன். முடிவு எடுக்கிற வரைக்கும் இருக்கிறதே தொடரணும்னு சொல்றாங்க. நிறுத்தினா நிஜமான சிவப்புல செத்துப்போவாங்களேன்னு கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியல மேடம்."

மறுநாள் காலை மறுபடி சிவப்பு அடித்தது. எண்பத்துமூன்று. பெயர் கனிஷ்கா, வேறு ஊர், எட்டாம் மாசம். ஆம்புலன்ஸில் தனியாக வந்தாள்; புருஷன் வெளிநாட்டில். பிரஷர் சரி, உப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. தியேட்டரில் இடம் தயாராகும் வரை அவளைத் தீவிரக் கண்காணிப்பு வார்டில் ஒரு கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். ஆதிரை கையுறை போட்டுக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். போட்டாளே தவிர அசையவில்லை. மையத்திலிருந்து அமலியின் போனுக்குச் செய்தி வந்துகொண்டே இருந்தது: நேரம் ஓடுகிறது, ஏன் தாமதம்?

நான் கனிஷ்காவின் இரண்டு சட்டைக் கையையும் மேலே தள்ளிப் பார்த்தேன். சேலையை விலக்கிக் காலையும் பார்த்தேன். வளையல் இல்லை.

"எங்கேம்மா வளையல்?"

"பீரோவுல இருக்கு."

"பீரோவுக்கு ரத்தம் கிடையாதும்மா. யாரோ போட்டிருக்காங்க. யாருக்குக் குடுத்தே?"

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு. அவங்களுக்கு ஆபத்து இருக்கு. சொல்லலைன்னா விதிப்படி உன் பிள்ளையையும் இப்பவே எடுக்கணும்."

"யாருக்கும் குடுக்கல" என்றாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. வாய் திறப்பதாக இல்லை. ஆதிரை கெஞ்சினாள். அமலி அதட்டினாள். நான் விளக்கினேன், முந்தின நாள் வர்ஷிகாவிடம் விளக்கியதைவிட நன்றாகவே விளக்கினேன். அந்தப் பெண் தன் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கிடந்தாளே தவிர, பெயர் வரவில்லை. யாரோ ஒருத்திக்குப் பிள்ளை கிடைத்துவிடும் என்று கொடுத்ததைத் தன் வாயால் கெடுக்க அவளுக்கு மனமில்லை. அவளை நான் எப்படித் திட்டுவது?

பக்கத்துக் கட்டிலின் திரைச்சீலை விலகியது. இசக்கிப்பிரியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். எழக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஏட்டி" என்றாள்.

கனிஷ்கா திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா பலிக்காதுன்னுதானே வாயைப் பொத்திக்கிட்டுக் கெடக்க? நாங்களும் சொல்லல. என் தம்பி பொண்டாட்டி எனக்குப் போட்டுவிட்டா. அவளும் சொல்லல, நானும் சொல்லல. எனக்குப் பலிச்சதை நேத்து வாளியில எடுத்துட்டுப் போனாவ. அவ பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கு. அவளை இன்னும் நான் பாக்கல. பாத்தா என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ குடுத்தவளுக்கு என்ன செய்யுதோ. யாருன்னு சொல்லிரு."

அமலியின் போன் அடித்தது. அவள் அதை அமர்த்தினாள்.

கனிஷ்கா விம்மத் தொடங்கினாள். "எங்க அக்கா" என்றாள். "ரெண்டு நாளா காய்ச்சல்னு படுத்துக் கெடக்கா. காலையில ஆம்புலன்ஸ்காரங்க வந்தப்ப அவ வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், துணைக்கு வான்னு. அவ எந்திரிக்கல."

ஆதிரை கையுறையைக் கழற்றிவிட்டு, அக்கா வீடு எந்தத் தெரு என்று கேட்டாள்.